எங்கள் வீட்டில் 'வாறன்' என்றால்

என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம், ஒரே நோய் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மூத்தவள் மகள், இருபது வயது தாண்டிவிட்டது. இளையவன் மகன், பதினேழு நடக்கிறது. இரண்டு பேருக்கும் ஓட்டிசம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். மகனுக்கு அதோடு ஏ.டி.எச்.டி. என்று இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார்கள். அதாவது மனம் ஓரிடத்தில் நிற்காது, கையும் காலும் வாயும்கூட நிற்காது. கேட்டவர்களுக்கு 'ஓட்டிசம்' மட்டும் காதில் விழுந்தது. மற்றது காற்றோடு போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அண்ணா ஃபோன் எடுக்கும்போதெல்லாம் இதையே சொல்லுவார். "ரண்டும் ஒரே மாதிரித்தானே பிள்ளை. ஒண்டுக்கொண்டு துணையாய் இருக்குங்கள். நீ ஏன் கிடந்து யோசிக்கிறாய்?"

நான் வேறு எதை யோசிப்பது? என் இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. கனகராயன்குளத்துக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீரா, வயலுக்கு அடித்த மருந்தா, எது காரணம் என்று எனக்குச் சரியாகச் சொல்ல யாரும் இல்லை. இப்போது வடிகட்டிய தண்ணீர் தருகிறார்கள், நாங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வருகிறோம். நல்ல தண்ணீர்தான். எனக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

அவர்களுடைய அப்பா இல்லை. எனக்குப் பிறகு இந்த வீட்டில் இருக்கப்போவது இவர்கள் இரண்டு பேரும்தான். மகள் சோறு கறி சமைப்பாள், ருசியாகச் சமைப்பாள். மகன் சைக்கிளில் கடைக்குப் போய் வருவான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இதுவே போதும். ஆனால் உப்பு முடிந்துபோன அன்றைக்கு என்ன நடக்கும்? "உப்பு இல்லை" என்று அவள் சொல்ல வேண்டும். அவன் அதுவரை நின்று கேட்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் நடக்குமா நடக்காதா என்பதுதான் கொஞ்சக் காலமாக என் உயிரைத் தின்றுகொண்டிருந்த கேள்வி.

மகளிடம் ஒன்றைக் கேட்டால் பதில் கட்டாயம் வரும். எப்போது வரும் என்றுதான் சொல்ல முடியாது. ஒருமுறை கோயில் திருவிழாவில் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி அவள் நாடியைப் பிடித்துத் திருப்பி, "என்ன பிள்ளை, என்னைத் தெரியுதோ?" என்று கேட்டாள். மகள் கச்சான் கடலை விற்கிற பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள். "பாவம்" என்று எனக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு அந்த மனுசி போய்விட்டாள். அடுத்த நாள் மத்தியானம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் தலை நிமிராமல் சொன்னாள், "தெரியும். அப்பான்ரை செத்தவீட்டுக்கு வரேல்லை. பிறகு வந்து கோப்பி கேட்டவா."

எனக்கு வந்த சிரிப்பில் துருவலையில் கையை வெட்டிக்கொள்ளப் பார்த்தேன். பதில் முழுக்கச் சரி. கேட்ட ஆள்தான் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

எங்கள் சனத்தின் பேச்சில் பாதி, பதில் தேவையில்லாத கேள்விகள். கடைப்பையோடு போகிறவரைப் பார்த்து "என்ன, கடைக்கோ?" என்று கேட்பார்கள். தலை ஈரமாக நிற்பவரிடம் "முழுகினதோ?" என்பார்கள். அது கேள்வி அல்ல, உன்னைக் கண்டேன் என்று சொல்வது. மகளுக்கு அது பிடிபடவே இல்லை. "தெரிஞ்சதை ஏனம்மா கேக்கினம்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டாள். நானும் அவளைப் போல அடுத்த நாள் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

மகன் மற்றப் பக்கம். அவனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேரோடும் கதைக்க வேண்டும், அதுவும் இப்போதே கதைக்க வேண்டும். அவனுக்குத் தண்ணிப் பம்ப் என்றால் உயிர். ரோட்டில் போகிறவரை மறித்து, "உங்கடை பம்ப் என்ன கொம்பனி? ரண்டு இஞ்சோ மூண்டு இஞ்சோ? எண்ணெயிலை ஓடுறதோ கரண்டோ?" என்பான். அந்த மனிதர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பிப் பார்ப்பான், அவர் வீட்டு ஆடு குட்டி போட்டதா என்று கேட்பான், பிறகு கேட்டதை மறந்துவிட்டு வேறு யாரையாவது நோக்கி ஓடுவான். முதல் கிழமை எல்லோரும் சிரித்தார்கள். "நல்ல பெடியன், கலகலப்பு" என்றார்கள். இரண்டாவது மாதம் அவனைக் கண்டால் சந்திக்கடையில் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார்கள். யாரும் மறுமுனையில் இல்லாத ஃபோன்.

கரப்பந்து விளையாடும் பெடியள் ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். யாரோ இரக்கப்பட்டு இவனையும் சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து விடியத் தொடங்கிப் படுக்கும்வரை குரல் பதிவு அனுப்பிக்கொண்டே இருந்தான். தன் குரலைத் தானே திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரிப்பான். ஒருநாள் ஃபோனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினான். "அம்மா, ரிமூவ் எண்டு கிடக்கு. நான் போகேல்லை. பிறகு எப்பிடி நான் இல்லை?"

நான் அதை எப்படி விளங்கப்படுத்துவது? "நெட்வேர்க் பிழை, அப்பன்" என்றேன். அவன் நம்பவில்லை. குந்தியிருந்து அழுதான். அவன் அழுது முடிப்பதற்குள்ளேயே பக்கத்து வீட்டு வளவில் பம்ப் தொடங்கிய சத்தம் கேட்டு ஓடிவிட்டான். கண்ணீரைத் துடைத்துவிட நீட்டிய என் கை அப்படியே நின்றது.

மகளுக்கு ஆட்கள் வேண்டாம் என்று இல்லை, மெதுவாக வேண்டும். மகனுக்கு எல்லோரும் ஒரேயடியாக வேண்டும். அவள் ஒரு சொல்லை எடுத்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் இவன் பத்துக் கேள்வி கேட்டுப் பதினோராவது கேள்விக்காக வளவைத் தாண்டியிருப்பான். அவள் சொல்லும்போது எதிரே ஆள் இருக்காது. இவன் திரும்பி வரும்போது அவள் வாயை மூடியிருப்பாள். பிறந்ததிலிருந்து ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஒருநாளும் சண்டை பிடித்ததில்லை. சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமே.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது 'போறன்' என்று சொல்ல மாட்டார்கள். அது சாகப்போகிறவர் சொல்கிற சொல். 'போட்டு வாறன்' என்பார்கள், அவசரம் என்றால் வெறும் 'வாறன்'. கனடாவுக்கு ஒரேயடியாகப் போகிறவரும் வாசல் படலையடியில் நின்று 'வாறன்' என்றுதான் சொல்லுவார். அந்தச் சொல்லை நம்பி எங்கள் பக்கத்தில் இன்னும் காத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். அது வேறு கதை, அதைத் தொடங்கினால் நான் இதைச் சொல்லி முடிக்க மாட்டேன்.

மகள் சின்னப்பிள்ளையாய் இருக்கும்போதே சொன்ன சொல்லை நம்பிவிடுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எழும்பி "வாறம், பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனால், ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துக்கொண்டு போய்ப் படலைக்கு நேரே போட்டுக் குந்தி இருந்துவிடுவாள். வருகிறோம் என்றுதானே சொன்னார்கள். பொழுது பட்டாலும் எழும்ப மாட்டாள். அவளுடைய அப்பாதான் அவளையும் கதிரையையும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்.

அவர் உழவு மெசின் ஓட்டியவர். படிப்பு இல்லை, ஆனால் மகளுடைய விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட விளக்கம் உள்ளவர். அவர் அவளுக்காக ஒரு ஒழுங்கு வைத்தார். வந்தவர்கள் போகும்போது "பிள்ளையிட்டை போறம் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ" என்று கேட்டுக்கொள்வார். சனம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "ஐயோ, அப்பிடிச் சொல்லக்கூடாது" என்று மறுக்கும். தான் வயலுக்கு வெளிக்கிடும்போது மட்டும் "திரும்பி வருவன்" என்று சொல்லுவார். சொன்னால் வருவார். மகள் அவர் வரும் மெசின் சத்தத்துக்கு முன்னமே படலையைத் திறந்து வைத்திருப்பாள். வீட்டில் அவளோடு உண்மையாய்க் கதைத்த ஒரே ஆள் அவர்தான்.

ஒரு மத்தியானம் நெஞ்சுக்குள் நோகிறது என்று வயலில் இருந்து வந்தார். முகம் வேர்த்து வெளிறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றினோம். ஏறும்போது ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகளைப் பார்த்து, "திரும்பி வருவன், பிள்ளை" என்றார். பொய் சொல்லும் மனிதர் இல்லை. வருவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தாங்கவில்லை.

பெட்டியில் கொண்டுவந்து வீட்டில் வைத்ததை மகள் அவர் வந்ததாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவீட்டுச் சனம் நிறைந்திருக்க, அவள் கதிரையைப் போட்டுக்கொண்டு படலையைப் பார்த்தபடி இருந்தாள். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் அவருடைய சாரம், சேட்டு, தேத்தண்ணிக் கோப்பை எல்லாவற்றையும் அரிசிப் பையில் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்தார்கள். கண்ணில் பட்டால் எனக்கு மனம் தாங்காது என்றார்கள். மகள் அதையும் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாரி மழை தொடங்கியது. எழும்பவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இழுத்தால் கத்தினாள். சாப்பாட்டைக் கதிரைக்குக் கொண்டுபோய் ஊட்டினேன். காய்ச்சல் வந்தது, மாறியது, திரும்ப வந்தது. இந்தப் பிள்ளைகளுக்குப் பாசம் இல்லை என்று சொல்பவர்களை அந்த மழைக்குள் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் விசேட வகுப்பில் இருந்தாள். அங்கே படிப்பித்த ரீச்சர் நல்ல பிள்ளை. இவளுடைய நிலைமையைப் பார்த்து அழுதவர். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து ஒரு பாடம் உண்டாக்கினோம். ரீச்சர் மூன்று படம் கீறினார். முதல் படத்தில் ஒரு மனிதன் 'வாறன்' என்று சொல்கிறான். இரண்டாவதில் அவன் நடந்து போகிறான். மூன்றாவதில் பிள்ளை வீட்டுக்குள்ளே வந்து இருந்து சாப்பிடுகிறது. வகுப்பில் ரீச்சரும் வீட்டில் நானும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். "வாறன் எண்டாலும், போட்டு வாறன் எண்டாலும், திரும்பி வருவன் எண்டாலும் எல்லாம் ஒண்டுதான். ஆள் போகுது. பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. உள்ளை வந்து சாப்பிட வேணும்."

எவ்வளவோ காலம் பிடித்தது. பிறகு ஒருநாள் வந்திருந்த யாரோ "வாறம்" என்று சொல்லிவிட்டுப் போக, மகள் தானாகவே கதிரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட இருந்தாள். நான் ரவை லட்டு உருட்டி வகுப்புக்கு அனுப்பினேன். ரீச்சர் ஃபோன் எடுத்துச் சந்தோஷத்தில் திக்கினார். பிள்ளை பழகிவிட்டாள், இனிப் பயமில்லை என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

எனக்கு மட்டும் வேறு ஏற்பாடு. நான் வெளிக்கிடும்போது இடத்தின் பெயரை மட்டும் சொல்லுவேன். "கடை." "கிணறு." "கோயில்." அவள் தலையாட்டுவாள். கிளினிக்குக்குப் போனால் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன். மகன் பிறந்த பிறகு ஓர் இரவுகூட நான் அவர்களை விட்டு வெளியே தங்கியதில்லை. அதனால் அந்தப் பாடம் என்மேல் திரும்பும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

என் வருத்தம் முற்றியதும் நான் இரண்டு பேரையும் ஒருவரோடொருவர் கதைக்கப் பழக்குவதில் இறங்கினேன். மகனுக்குக் கொடுத்த மருந்துக் குளிசை கிடைத்த மாதங்களில் கொஞ்சம் அடங்கியிருந்தான். கிடைக்காத மாதங்களில் நான்தான் குளிசை. எத்தனையோ விதமாகப் பார்த்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் வழி தேத்தண்ணி நேரத்தில் கிடைத்தது. நாங்கள் வெறுந்தேத்தண்ணிக்குப் பனங்கட்டி கடித்துக் குடிப்பவர்கள். ஒருநாள் மகன் பெரிய துண்டாக வாயில் போட்டுக்கொண்டான். கன்னம் புடைத்து, கதைக்க முடியாமல் இருந்தான். அவன் வாய் சும்மா இருந்ததை அன்றுதான் கண்டேன்.

அதையே விதியாக்கினேன். "அக்காட்டை ஒண்டைக் கேள். கேட்டிட்டு பனங்கட்டியை வாயிலை வை. அது கரையுமட்டும் கதையும் இல்லை, எழும்பிறதும் இல்லை. கடிக்கவும் கூடாது."

முதல் நாட்களில் கறுக்கு முறுக்கென்று கடித்து விழுங்கிவிட்டு ஓடினான். பிறகு ஒரு பின்னேரம், அவனுக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பனங்கட்டியை வைத்துக்கொண்டான். கால் ஆடியது, விரல் மேசையைத் தட்டியது, ஆனாலும் இருந்தான். மகள் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு கரைந்து முடியப்போகும் நேரம் அவள் சொன்னாள், "மழைக்கு முதல் வாற காத்து."

மகன் கண்ணை விரித்தான். "எந்தப் பக்கத்துக் காத்து?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமலேயே இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"குளத்துப் பக்கம்" என்றாள் மகள்.

அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து கதைத்த ஒரே கதை அது. நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதுவதுபோல நின்று அழுதேன். உப்பைப் பற்றியும் ஒருநாள் இப்படிக் கதைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்த ஒரு பின்னேரத்தை வைத்துக்கொண்டு எவ்வளவோ கட்டினேன். எனக்குப் பிறகும் ஒரு மேசை இருக்கும், தேத்தண்ணி இருக்கும், அவன் கேட்பான், அவள் சொல்லுவாள் என்றெல்லாம்.

அது திரும்ப நடக்கவில்லை. மகன் பனங்கட்டியைக் கன்னக் கொடுப்புக்குள் ஒதுக்கிவிட்டுக் கதைக்கப் பழகிக்கொண்டான். கெட்டிக்காரன், இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? பிறகு பல்லில் கொதி வந்து வலித்தது. இனிப்பைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். மகள் ஒவ்வொரு பின்னேரமும் அதே நேரத்துக்கு மேசையில் வந்து இருந்து, அவன் கேட்பான் என்று கொஞ்சநாள் பார்த்தாள். பிறகு தேத்தண்ணியைக் குசினிக்கே எடுத்துப் போய்விட்டாள்.

இதற்கிடையில் என்னை மெசினில் போட்டு இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதலில் கையில் ஒரு சின்ன ஒப்பரேசன். ஓர் இரவு தங்கினால் போதும். பக்கத்து வீட்டு அக்கா வந்து பிள்ளைகளோடு படுப்பதாகச் சொன்னார். நான் மகளுக்குச் சொல்ல வேண்டியதைப் பல நாளாகப் பழகி வைத்திருந்தேன். "ஆஸ்பத்திரி. நாளைக்கு வீடு." இவ்வளவுதான். வேறு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.

வெளிக்கிடும் நேரம் படலையடியில் ஓட்டோ நின்றது. அக்கா என் பையைத் தூக்கிக் கொடுத்தார். எதிர் வீட்டாரும் வந்து நின்றார்கள். "பிள்ளையளிட்டைச் சொல்லிப்போட்டு ஏறுங்கோ" என்றார் அக்கா. நான் மகளின் கன்னத்தைத் தடவி, "போட்டு வாறன், பிள்ளை" என்றேன்.

சொன்னதே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு மனுசி, நாலு சனத்துக்கு முன்னால், வேறு எதைச் சொல்லுவாள்? நாக்கு பிறந்ததிலிருந்து பழகிய சொல்லைத் தானே எடுத்துக் கொடுத்துவிட்டது. மகள் கதிரையைத் தேடவில்லை. உள்ளே போனாள். நல்லது, குழப்படி இல்லை என்று நான் நிம்மதியாக ஓட்டோவில் ஏறினேன்.

ஒரு நாள் என்று போன இடத்தில் காய்ச்சல் வந்து ஒரு கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டுக்கு ஃபோன் எடுத்தால் மகன்தான் எடுப்பான். "அம்மா, ஆஸ்பத்திரியிலை மேல்மாடிக்குத் தண்ணி ஏத்திற பம்ப் எத்தினை குதிரை வலு? கேட்டுச் சொல்லுங்கோ." "அப்பன், நான் வெள்ளிக்கிழமை வீட்டை வருவன். அக்காட்டைச் சொல்லு, என்ன?" "ஓம் ஓம், சொல்லுறன்." மகளிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னால் அவளுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். நான் பொறுத்திருப்பேன். அவள் வாயைத் திறந்து, நான் 'வெள்ளிக்கிழமை வீடு' என்று சொல்வதற்குள் மகன் ஃபோனைப் பறித்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தேன். குசினித் தட்டில் என் தேத்தண்ணிக் கோப்பை இல்லை. கொடியில் என் வீட்டுச்சட்டை இல்லை. அறையில் என் சீலை ஒன்றும் இல்லை, சீப்பும் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கூடும் இல்லை. களவு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அலுமாரிக்கு மேலே பார்த்தேன். அவருடைய அரிசிப் பைக்குப் பக்கத்தில் இன்னொரு அரிசிப் பை, அதேமாதிரிக் கயிறு, அதேமாதிரி முடிச்சு. இந்தப் பிள்ளைகள் ஆட்களைப் பார்த்துப் பழகாதுகள் என்று யார் சொன்னது?

"நீங்கள் போன அடுத்த நாளே கட்டத் தொடங்கிட்டாள்" என்று பக்கத்து வீட்டு அக்கா சங்கடத்தோடு சொன்னார். "ஏன் பிள்ளை எண்டு கேட்டுப் பாத்தன். வாய் திறக்கேல்லை. விளையாட்டாக்கும் எண்டு விட்டிட்டன்."

மகன் என்னைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். "நானும் கேட்டனான், அம்மா. ஏன் அக்கா அம்மான்ரை சாமானைக் கட்டுறாய் எண்டு கேட்டனான்."

"அக்கா என்ன சொன்னவா?"

"தெரியா. நான் நிக்கேல்லை."

"அம்மா வெள்ளிக்கிழமை வருவா எண்டு அக்காட்டைச் சொன்னனியோ?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "சொல்லத்தான் போனனான். அக்கா அரிசி கழுவிக்கொண்டு நிண்டவா. பிறகு பம்ப் சத்தம் கேட்டது."

நான் வருவேன் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வசனம்தான். ஒரே குசினிக்குள் கையெட்டும் தூரத்தில் இரண்டு பேரும் ஒரு கிழமை இருந்திருக்கிறார்கள். அவன் கேட்டிருக்கிறான், நிற்கவில்லை. அவளும் எப்போதாவது பதில் சொல்லியிருப்பாள், வெங்காயத்துக்கோ சட்டிக்கோ. உப்பு முடிந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் அல்லவா, நான் உயிரோடு இருக்கும்போதே பதில் வந்துவிட்டது.

மகளைத் தேடிக் குசினிக்குப் போனேன். "ஏன் பிள்ளை என்ரை சாமானைக் கட்டினாய்?" என்று கேட்டுவிட்டு, என் வாயைக் கட்டுவதற்குப் பனங்கட்டித் துண்டு ஒன்றை எடுத்து நானே வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு அது கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். சொல்லட்டும். மகள் கழுவிய சட்டியைத் துடைத்தாள், கவிழ்த்து வைத்தாள், இன்னொன்றை எடுத்துத் துடைத்தாள். துண்டு கரைந்து முடிந்தது.

"போட்டு வாறன் எண்டு சொன்னனீங்கள்" என்றாள்.

கோபம் இல்லை, அழுகை இல்லை. பாடத்தை ஒப்பிக்கும் குரல். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் சொன்னாள். "பாத்துக்கொண்டிருக்கேல்லை. உள்ளை வந்து சாப்பிட்டனான்."

அவள் கையைப் பிடித்தேன். "இஞ்சை பார் பிள்ளை, நான் வந்திட்டன்தானே. அம்மா வந்திட்டன். தெரியுதோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அடுத்த நாள் வரும் என்று பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். எத்தனையோ மாதமாகிவிட்டது. எது கேட்டாலும் என்றைக்காவது பதில் சொல்லுகிறவள் இதற்கு மட்டும் சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டுத் தருகிறாள், குளிசையை எடுத்து வைக்கிறாள், வீட்டுக்கு வந்த ஆளைக் கவனிப்பதுபோல. என் கோப்பையை நான் இறக்கிக் குசினித் தட்டில் வைத்தால், விடிந்து காலமை அது திரும்பவும் அலுமாரிக்கு மேலே பைக்குள் இருக்கும். நான் இப்போது விருந்தினருக்கு வைத்திருக்கும் கிளாசில் தேத்தண்ணி குடிக்கிறேன்.

ரீச்சர் வந்து பார்த்தார். புதிதாய்ப் படம் கீறலாம் என்றார். என்ன படம் கீறுவது? 'வாறன்' என்ற சொல்லைக் கெடுத்தாயிற்று. 'திரும்பி வருவன்' என்ற சொல்லை அவளுடைய அப்பா தெரியாமல் கெடுத்துவிட்டுப் போனார். 'ஆஸ்பத்திரி' என்றால் போனவர் வராத இடம். சும்மா ஒரு புதுச்சொல்லை உண்டாக்கலாம்தான். ஆனால் அதைச் சொல்லிவிட்டும் ஒருநாள் நான் வராமல் போகத்தானே போகிறேன். அந்தச் சொல்லை நம்பிக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தால், மழைக்குள் குடை பிடிக்க யார் இருக்கிறார்கள்? தம்பி பிடிப்பானா? பிடிப்பான். பம்ப் சத்தம் கேட்கும்வரை பிடிப்பான். ரீச்சருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அண்ணா இப்போதும் ஃபோன் எடுக்கிறார். ஒன்றுக்கொன்று துணை என்கிறார். நான் ஓம் என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.

இப்போது கிழமைக்குக் கிழமை மெசினுக்குப் போக வேண்டும். போகிற நாட்களில் காலமையே வெளிக்கிட்டுவிடுவேன். ஒன்றும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போவது எங்கள் பக்கத்தில் பெரிய குறை. கோபித்துக்கொண்டு போகிறவர்தான் அப்படிப் போவார். நான் அப்படித்தான் போகிறேன். வாயைத் திறந்தால் எது வரும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

நேற்றும் போனேன். மகள் படலைவரை வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ரோட்டில் இறங்கினேன். மகன் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் இருந்து பெரிய குரலில் கத்தினான், "அம்மா, வாறன் சொல்லேல்லை! வாறன் சொல்லிப்போட்டுப் போங்கோ!"

கத்திவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் வளவுக்குப் பின்னால் ஓடிவிட்டான். மகள் படலையைச் சாத்திக் கொழுவிவிட்டுச் சாப்பிட உள்ளே போனாள்.